பம்பருக்குப் பெயிண்ட், சேஸுக்கு ஆயில்

மரக்காணத்து உப்புதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. எங்கள் லாரியைத் தின்னப் பார்த்ததும் அதே உப்புதான்.

எழுபதுகளின் கடைசியில் அப்பா ஒரு பழைய அசோக் லேலண்ட் காமெட் லாரியை வாங்கினார். செஞ்சியில் நெல்லும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைகிற காலத்தில் அவற்றை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போவார். அங்கே இறக்கிவிட்டு அப்படியே மரக்காணம் போய் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை, போளூர் பக்கம் வருவார். அப்போது விழுப்புரம் மாவட்டம் கிடையாது. செஞ்சியும் மரக்காணமும் தென்னாற்காட்டில் இருந்தன. சாக்குமூட்டை தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும். வண்டி ஓட ஓட, அடியில் இருக்கும் மூட்டைகளிலிருந்து உப்புத்தண்ணீர் கசிந்து, தொட்டியின் பலகை இடுக்கு வழியாகச் சேஸின் மேல் சொட்டும். சேஸ் என்பது லாரியின் முதுகெலும்பு. முன்னாலிருந்து பின்வரை இரண்டு நீளமான இரும்புச் சேனல்கள் ஓடும். அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். இன்ஜின், கேபின், தொட்டி, பாரம் எல்லாவற்றையும் அந்த இரண்டு சேனல்கள்தான் தாங்குகின்றன.

உப்பு ஏற்றுகிற வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருந்தது: வண்டி ஓடும்போதைவிட நிற்கும்போதுதான் அதிகம் துருப்பிடிக்கும். அதன் காரணம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். பாத்தியிலிருந்து வாரிய உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். மார்கழிப் பனி இறங்குகிற ஊரில் லாரி வாசலில் சும்மா நின்றாலே போதும், சேஸ் இடுக்கில் ஒட்டிய உப்பு விடிய விடிய அதை நனைத்துக்கொண்டே இருக்கும். இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு அந்த வேலையை விரைவாக்குகிறது.

அதனால் உப்பு லோடு இறக்கிய மறுநாள் வண்டி நேரே மாமாவின் கொல்லைக்குத்தான் போகும். பம்புசெட்டுக் குழாயில் ரப்பர் டியூபைக் கட்டி, அடியில் நுழைந்து தண்ணீர் அடிக்க வேண்டும். நாங்கள் பிள்ளைகள் கேபினையும் முகப்பையும் கழுவத்தான் போட்டி போடுவோம். "மேல அழுக்கு இருந்தா இருக்கட்டும்டா, கீழ ஊத்து" என்று அப்பா கத்துவார். ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட், சேனலின் உள்வளைவு, இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கும் இடம் என்று அவர் விரலால் காட்டும் இடத்தையெல்லாம் நனைக்க வேண்டும். வழிகிற தண்ணீர் செம்மண் நிறம் மாறித் தெளிந்த பிறகுதான் விடுவார்.

பெரிய வேலை தை, மாசியில் வீட்டிலேயே நடக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை ஒன்று கிடந்தது. மேற்கே பார்த்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும். கிளீனர் அண்ணன் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார். உடைந்த ஸ்பிரிங் பட்டையைச் சாணை பிடித்து வைத்திருப்பார்கள், அதுதான் சுரண்டி. சுத்தியலால் தட்டத் தட்டத் துரு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து முகத்தில் விழும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் பெயிண்டை மேலே தூக்கிவிடும், இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்தால் தகட்டையே பிதுக்கிவிடும். தட்டி, சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ரேஷன் மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்டால் துடைத்தபின், இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பிரஷால் தேய்ப்பார்கள். அவ்வளவுதான் சேஸுக்கு. பெயிண்ட் கிடையாது. இரண்டு நாள் ஓடினால் புழுதி ஒட்டி, கரிபிடித்த அடுப்புச் சுவர் நிறத்துக்கு வந்துவிடும். வேட்டி கட்டியவர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

பம்பரின் கதை வேறு. அது வண்டியின் முகம். ஆயுத பூஜைக்கு முன்னால் கடைத்தெருவில் போர்டு எழுதுகிற பெயிண்டர் வருவார். உப்புத்தாளால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு, அதன்மேல் கறுப்பு எனாமல், மஞ்சள் பட்டை, நடுவில் சிவப்பில் நிழல் கொடுத்து "அங்காளம்மன் துணை". மேல்மலையனூர் அம்மனை நம்பி ஓடிய வண்டிகள் எங்கள் பக்கம் ஏராளம். எழுத்து காய்வதற்குள் தொட்டுவிடக் கூடாது என்று எங்களைத் தள்ளி நிறுத்துவார்கள். பூஜை அன்று சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் அந்த பம்பருக்குத்தான். ஆண்டுக்கு ஆண்டு பழைய பெயிண்டின் மேலேயே புது பெயிண்ட் ஏறியது. திருநாள் அவசரத்தில் பழையதைச் சுரண்டி எடுக்க யாருக்கும் நேரமில்லை. பம்பரின் பின்பக்கத்தை யாருமே பார்த்ததில்லை. சக்கரம் வாரியடித்த சேறும் உப்பும் அங்கே வருடக்கணக்கில் குந்தியிருந்தன.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுகிற காலத்தில் அப்பா இன்னொரு காரியம் செய்வார். சேஸில் எண் பொறித்திருக்கும் இடத்தில் கிரீஸைத் தடவி வைத்திருப்பார். எஃப்.சி. அன்று அதைத் துடைத்துவிட்டு, எண்ணின்மேல் ஒட்டுத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுப்பார்கள். பெயிண்டைத் தடிமனாக அடித்து வைத்திருக்கும் வண்டிகளில் எழுத்துக்குழி அடைபட்டு 3 எது, 8 எது என்று தெரியாமல் மணிக்கணக்கில் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வண்டிக்கு ஒரு நிமிட வேலை. ஒவ்வோர் எழுத்தும் நேற்று அடித்ததுபோலத் தாளில் விழும்.

தொண்ணூறுகளின் நடுவில் காமெட் ஓய்ந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் காலி மனைக்கே கேஸ் கட்டரோடு வந்தார். அன்றைக்குப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பம்பரைக் கழற்றக் கடப்பாரையை வைத்து ஒரு நெம்பு நெம்பினார்கள். அது இரண்டாக முறிந்தது. முறிந்த ஓரத்தில் கறுப்பு, மஞ்சள், வெள்ளி, மறுபடி கறுப்பு என்று பெயிண்ட் மட்டும் தடிமனாக அடுக்கடுக்காக இருந்தது. அதற்குப் பின்னால் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் செங்காவிப் பொடி. அத்தனை ஆயுத பூஜைக்கும் மாலை வாங்கிக்கொண்ட பம்பரைப் பெயிண்ட்தான் பிடித்து வைத்திருந்தது. அடுத்து சேஸை அறுத்தார்கள். ஒருவரும் பெயிண்ட் அடிக்காத, பூ வைக்காத சேஸ். ஆயில் பிசுக்கு புகைந்து எரிந்ததும் உள்ளே இரும்பு முழுத் தடிமனோடு, சாம்பல் நிறத்தில், குழி விழாமல் இருந்தது. இரும்புக்காரர் அப்பாவைப் பார்த்து, "உப்பு ஏத்தின வண்டின்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான்ணே" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை, எடையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்து வேலை எல்லாம் நல்ல வேலை என்று நான் சொல்ல வரவில்லை. காலி மனையில் ஆயில் சொட்டிய இடத்தில் பல மழைக்காலம் புல் முளைக்கவில்லை. அந்த ஆயில் கிணற்று நீரையும் விட்டிருக்காது. இரும்புக்கு முதல் பூச்சாக அன்று பரவலாக அடித்த செந்தூரம், ஈய ஆக்சைடு. துருவைத் தடுப்பதில் கெட்டிக்காரப் பொருள், மனித உடம்புக்கு விஷம். பெயிண்டர் அந்தக் கையோடுதான் டீ குடிப்பார், பீடி பற்றவைப்பார். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்து நடைமுறையானது 2017 நவம்பரில்தான். அதுவும் வீட்டு, அலங்கார பெயிண்டுக்கு மட்டும். கிளீனர் அண்ணன் கண்ணுக்குக் கண்ணாடியோ மூக்குக்குத் துணியோ இல்லாமல் துருப்பொடியை அத்தனை வருடம் முழுங்கினார். அவருடைய இருமலை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது தம்பி மகன் லாரித் தொழிலுக்கு வந்திருக்கிறான். கடலோரத்து ஊர் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த லாரியை இரண்டாம் கையாக வாங்கி வந்தான். "பெரியப்பா, அடியைப் பாருங்க. ஷோரூம் வண்டி மாதிரி இருக்கு" என்றான். உண்மைதான், சேஸ் முழுக்கக் கறுப்பு மின்னியது. சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து பின்னால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். பின் ஸ்பிரிங் பிராக்கெட் அருகே சத்தம் மொத்தையானது. நகத்தால் கீறினேன், கறுப்புத் தோல் சுருண்டு வந்தது. அதன் உள்பக்கம் ஈரமான துரு ஒட்டியிருந்தது. பலப்படுத்துவதற்காகச் சேனலின்மேல் இரண்டாவது தகடு வைத்து ரிவிட் அடித்திருக்கும் இடத்தில், இரு தகடுகளுக்கும் நடுவே துரு பருத்துக் கோடாக வெளியே தெரிந்தது. விற்பதற்கு முன்னால் யாரோ கழுவாமல், சுரண்டாமல், கம்ப்ரசரை வைத்து ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். பயல் முகம் வாடிவிட்டது.

மணல் பீய்ச்சித் துருவை உரிக்கும் முறைதான் இதற்குச் சிறந்தது. அதற்குத் தொட்டியை இறக்க வேண்டும், வண்டியைப் பல நாள் நிறுத்த வேண்டும், செலவும் தாங்காது. வீட்டிலேயே செய்வோம் என்று முடிவெடுத்தோம். காலி மனை இப்போது இல்லை, அங்கே மாடி வீடு வந்துவிட்டது. ஊருக்கு வெளியே நண்பரின் களத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டோம்.

அவனிடம் இன்று இருக்கும் கருவிகளை அப்பா பார்த்திருந்தால் அசந்துபோயிருப்பார். கம்பிக் கப் மாட்டிய கிரைண்டர், நாள் முழுக்கச் சுரண்டுகிற இடத்தைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அந்தக் கப்பிலிருந்து தெறிக்கிற கம்பி கண்ணில் பாயும், அதனால் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் கிரைண்டரைத் தொடவிடவில்லை. ஆனால் முதல் வேலையாக அவனைக் கழுவச் சொன்னேன். நல்ல தண்ணீரில், பிரஷர் பம்பு வைத்து, இடுக்கு இடுக்காக. துருவின் அடியில் இருக்கும் உப்பைச் சுரண்டி எடுக்க முடியாது, தண்ணீர்தான் கரைத்து வெளியே கொண்டுவரும். உப்பை உள்ளே வைத்து எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளம்பும். சுரண்டி முடித்தபின் மறுபடி ஒரு கழுவல், உடனே துடைத்துக் காயவைத்தல்.

சுரண்டியபிறகும் இரும்பின் குழிகளில் தங்கும் மெல்லிய துருவுக்கு இன்று கடையில் துரு மாற்றி கிடைக்கிறது. சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். சிலவற்றில் டானின் இருக்கும், அது துருவோடு சேர்ந்து கறுத்துவிடும். இரண்டாவதைப் பூசியபோது தம்பி மகன் செங்காவி கண்ணெதிரே நீலக்கறுப்பாவதைப் பார்த்து வியந்துபோனான். நம் பாட்டன்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வினைதான் இது. கடுக்காயில் இருப்பது டானின், அன்னபேதியில் இருப்பது இரும்பு. கலம்காரித் துணியின் கறுப்பும் இப்படி வருவதுதான். பாஸ்பரஸின் பெருமைக்கு டெல்லி இரும்புத் தூணே சாட்சி. சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்தத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே காப்புப் படலம் உருவானது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். இங்கே ராஜகிரி உச்சியில் கிடக்கும் பீரங்கியும் துருநிறம் ஏறியதுதான், ஆனால் அதன் தடிமன் அதிகம். லாரிச் சேனலுக்குச் சில மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் போனாலும் பாரத்தில் தெரியும். துரு மாற்றி, உதிர்கிற துருவுக்கு மருந்தாகாது. சுரண்ட வேண்டியதைச் சுரண்டாமல் அதை ஊற்றுகிறவர்கள் காசைத்தான் ஊற்றுகிறார்கள்.

சேனலில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தெருமுனையில் வெல்டிங் வைத்துத் தகடு ஒட்டினால் சூட்டில் பக்கத்து இரும்பின் குணம் மாறி, ஒட்டின் ஓரத்திலேயே முறியும். எங்கள் நல்ல காலம், குழி விழுந்திருந்ததே தவிர ஓட்டை இல்லை. பிதுங்கிய தகட்டை மட்டும் சேஸ் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கழற்றி, சுத்தம் செய்து மாட்டினோம்.

பெயிண்டில் பழையதும் புதியதும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. சிவப்பு நிற ரெட் ஆக்சைடு பிரைமரின் நிறமி இரும்பு ஆக்சைடுதான். துருவின் உறவுக்காரனைக் கொண்டே துருவை மறிக்கிறோம். ஆனால் டப்பாவில் மலிவாகக் கிடைக்கும் ரெட் ஆக்சைடு ஈரத்தை நெடுநாள் தடுக்காது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமர் சேஸுக்கு ஏற்றது. துத்தநாகப் பிரைமரையும் சிலர் சொல்வார்கள். அது வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும், துருவின்மேல் அடித்தால் வீண். ஸ்பிரே அடிப்பதற்கு முன் ரிவிட் தலைகள், ஓரங்கள், வெல்டிங் கோடுகள் எல்லாவற்றுக்கும் பிரஷால் ஒரு கை தனியாகத் தேய்த்துவிட வேண்டும். கூர் ஓரத்தில் பெயிண்ட் நழுவி மெலிந்துவிடும், துரு முதலில் அங்கேதான் கிளம்பும். இரும்பின் சூடு, பனித்துளி உருவாகும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலின் விதி. எங்கள் ஊருக்கு அதன் பொருள், தை மாசியில் வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மாலைப் பனிக்கு முன் நிறுத்து. சித்திரை வெயிலில் அடிக்கவே அடிக்காதே, சுடுகிற இரும்பில் பெயிண்ட் பரவாமல் காய்ந்து கொப்புளிக்கும். பிரேக் குழாய், ரப்பர், சேஸ் எண் மூன்றையும் தாள் ஒட்டி மறைத்தோம். எண்ணின்மேல் அப்பாவைப் போலவே கிரீஸ்.

பின்பக்க பம்பருக்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். கார் ஒன்று பின்னாலிருந்து மோதினால் லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுப்பது அந்தக் குறுக்குக் கம்பிதான். முன் பம்பரைப் போல அது அழகுக்கு இல்லை. அதைக் கழற்றி, பின்பக்கமும் உள்பக்கமும் இரும்பு தெரியும்வரை தேய்த்துப் பூசிவிட்டுத்தான் ஒளிரும் பட்டையை ஒட்டினோம்.

எல்லாம் முடிந்தபின், பிரஷும் ஸ்பிரேயும் எட்டாத மூடிய பகுதிகளுக்கு என்ன செய்வது என்று தம்பி மகன் கேட்டான். இதற்கென்றே மெழுகு கலந்த எண்ணெயும், ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுத்த லானோலின் எண்ணெயும் இன்று விற்கிறார்கள். காற்றும் ஈரமும் புகாமல் இடுக்கில் ஊறி நிற்கும், அவ்வப்போது மறுபடி அடிக்க வேண்டும். கிளீனர் அண்ணன் பழைய ஆயிலும் பிரஷுமாகச் செய்ததும் இதைத்தான். பொருள் மாறியிருக்கிறது, மண்ணை அவ்வளவாகக் கெடுக்காத பொருளாக வந்திருக்கிறது. அது எனக்கு மகிழ்ச்சி.

வசதி பெருகப் பெருக அடிப்பக்கத்து வேலை குறைந்துகொண்டே போவதுதான் எனக்குப் புரியாமல் இருக்கிறது. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவுகிறார்கள், வண்டியின் சேஸ் கீழிருந்து அரிக்கப்படுகிறது. அமெரிக்காவில் சேஸ் துரு வழக்கில் டொயோட்டா நிறுவனம் 2016இல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டாலர் வரை மதிப்புள்ள சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அங்கே நீதிமன்றம் வரை போன விஷயத்தை இங்கே ஒரு டப்பா கறுப்பு பெயிண்டில் முடித்துவிடுகிறோம். எட்டு வயது தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. 15 வயது தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் ஒன்றிய அரசின் விதிப்படி 2022 ஏப்ரல் 1 முதல் 12,500 ரூபாயாக ஏறியது. சின்ன முதலாளிக்கு அது பெரும் சுமை, நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சுமையைச் சேஸில் பிடித்தம் செய்தால் அது டிரைவர் உயிரிலும், பின்னால் வரும் கார்க்காரர் உயிரிலும் போய் முடியும்.

பழைய லாரி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சேஸ் கறுப்பாக மின்னினால் முன்பணம் கொடுப்பதற்கு முன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், பம்பரின் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், வண்டி எந்த ஊரில் என்ன லோடு ஏற்றி ஓடியது என்று கேளுங்கள். விற்கப் போகிறவர்களே, துரு இருந்தால் இருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கழுவாத, சுரண்டாத இரும்பின்மேல் தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீர்கள்.